கஷ்டமான பைபிள் கேள்விக்கு பதில் எங்க தேடுறது? ஆப்பா, முழு அதிகாரமா, விளக்கவுரையா, ஆளா?

எங்க வாலிபர் கூட்டத்துல ஒரு டப்பா வச்சிருக்கோம், பேர் போடாம கேள்வி எழுதி போடலாம். போன மாசம் நாலா மடிச்ச ஒரு சீட்டு வந்துச்சு, பென்சில்ல எழுதினது. "அப்பா அம்மாவ வெறுக்கணும்னு இயேசு சொல்லிருக்காரே, அப்ப கனம்பண்ணுங்கிற கட்டளை என்ன ஆச்சு?" லூக்கா 14:26 தான். பதில் சொல்ல வேண்டியது நான். எனக்கு ஒரு பதில் தெரியும், ஆனா அது எங்கயோ பிரசங்கத்துல கேட்டு அப்படியே மனசுல ஒட்டிக்கிட்டது, நானா தேடினது இல்ல. சரி இந்த தடவை ஒழுங்கா பண்ணுவோம்னு நாலு வழியிலயும் தேடிப் பாத்தேன், எது எவ்ளோ தூரம் வருதுன்னு.

முதல்ல ஆப். எல்லாரும் பண்றது தான், போன எடுத்து 'வெறு'ன்னு அடிக்கிறது. வசனம் கொட்டும். தீமைய வெறுங்கள், ஏசாவ வெறுத்தேன், இப்படி வரிசையா வரும். ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, நாம தேடுறது மொழிபெயர்ப்புல இருக்கிற சொல்ல, மூலத்துல இருக்கிற சொல்ல இல்ல. லூக்கா 14:26ல வர்ற அதே கிரேக்க சொல் தான் 1 யோவான் 4:20லயும் இருக்கு, ஆனா நம்ம பழைய தமிழ் பைபிள்ல அங்க 'சகோதரனைப் பகைத்தால்'னு வரும், அதனால 'வெறு'ன்னு தேடினா அது மாட்டாது. அத விட முக்கியமானது ஆதியாகமம் 29. 30ஆம் வசனத்துல யாக்கோபு தன் ரெண்டு மனைவியில லேயாள விட ராகேல அதிகமா நேசிச்சான்னு இருக்கு, அடுத்த வசனத்துலயே எபிரெயுல லேயாள் 'வெறுக்கப்பட்டவ'ன்னு இருக்கு. தமிழ்ல அத 'அற்பமாய் எண்ணப்பட்டாள்'னு போட்டுட்டாங்க, அர்த்தம் சரி தான், ஆனா லூக்கா கேள்விக்கான சாவி அங்க தான் கிடக்கு, ஆப்ல தேடினவனுக்கு அது கண்ணுலயே படாது. வெறுப்புங்கிற சொல் அந்த மொழியில 'இன்னொருத்தர விட கம்மியா நேசிக்கிறது'ங்கிற அர்த்தத்துலயும் வரும்னு காட்டுற இடம் அது.

ஆப் தேடல்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு, வசனத்த யாரு சொன்னாங்கன்னு அது சொல்லாது. யோபு 4:7 எடுத்துக்கோங்க, குற்றமில்லாம அழிஞ்சவன் எவனாவது உண்டான்னு கேக்குற வசனம். கஷ்டத்துல இருக்கிறவனுக்கு இத வேதவசனம்னு சொல்லி அனுப்பினா என்ன ஆகும்? இத சொன்னது யோபுவோட சிநேகிதன் எலிப்பாஸ். கடைசி அதிகாரத்துல, 42:7ல, நீயும் உன் சிநேகிதரும் என்னைப் பத்தி சரியா பேசலன்னு கர்த்தர் அந்த ஆள் மேலயே கோவப்படுறாரு. 38 அதிகாரம் தள்ளிப் போய் படிச்சா தான் தெரியும் அது தப்பான பேச்சுன்னு.

இப்ப ரெண்டாவது வழி, அதிகாரத்த முழுசா படிக்கிறது. கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா என் அனுபவத்துல பாதிக்கு மேல கேள்வி இங்கயே கரைஞ்சிடும். லூக்கா 14ல வெறுக்கிற வசனத்துக்கு முன்னாடி விருந்து உவமை வருது. கூப்பிட்டவங்க ஆளாளுக்கு சாக்கு சொல்றாங்க, ஒருத்தன் நிலம் வாங்கினானாம், ஒருத்தன் அஞ்சேர் மாடு வாங்கினானாம், ஒருத்தன் கல்யாணம் பண்ணிட்டேன் வர முடியாதுங்கிறான். நிலம், மாடு, பொண்டாட்டி எதுவுமே கெட்டது இல்ல, ஆனா எல்லாம் குறுக்க நிக்குது. அப்புறம் திரளான ஜனங்க பின்னாடி வர்றாங்க, அவங்கள திரும்பிப் பாத்து தான் இயேசு இத சொல்றாரு, உடனே கோபுரம் கட்டுறவன் உக்காந்து செலவு கணக்கு பாக்க மாட்டானா, பத்தாயிரம் பேர வச்சு இருபதாயிரம் பேர எதிர்க்கப் போற ராஜா யோசிக்க மாட்டானான்னு கேக்குறாரு. பேச்சு முழுக்க கணக்கு பாக்கிறத பத்தி, யாருக்கு முதல் இடம்ங்கிறத பத்தி. மத்தேயு 10:37ல 'என்னிலும் அதிகமாய்'னு அதே விஷயம் நேராவே வருது. அதோட மாற்கு 7ல, பெத்தவங்களுக்கு குடுக்க வேண்டியத கொர்பான்னு காணிக்கையா சொல்லி தப்பிச்சுக்கிறவங்கள இயேசு திட்டுறாரு. அப்பா அம்மாவ கைவிட சொன்னவரா இருந்தா அங்க எதுக்கு திட்டணும்?

(அதிகாரம், வசன எண் எல்லாம் மூலத்துல கிடையாது. இப்ப நாம வச்சிருக்கிற அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டுல ஸ்டீபன் லாங்டன்ங்கிற இங்கிலாந்து பேராயர் பேருல வர்றது, புதிய ஏற்பாட்டு வசன எண் 1551ல ராபர்ட் எஸ்டியென்ங்கிற பிரெஞ்சு அச்சுக்காரர் போட்டது. அதனால எண் எங்க முடியுதோ அங்க நிறுத்தாம அந்தப்பக்கம் இந்தப்பக்கம் கொஞ்சம் சேர்த்தே படிங்க.)

எரேமியா 29:11 கூட இதே கதை தான், உங்களுக்கு நல்ல முடிவ குடுக்க நினைச்சிருக்கேன்னு கர்த்தர் சொல்றது. வேலைக்கு இன்டர்வியூ போறவங்க எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிற வசனம். ஒரு வசனம் மேல ஏறிப் பாத்தா பாபிலோன்ல எழுபது வருஷம் முடிஞ்சப்புறம்னு இருக்கு. கேட்ட ஆள்ல முக்கால்வாசி பேரு அத பாக்க உயிரோட இருக்க மாட்டாங்க. வாக்குத்தத்தம் பொய் இல்ல, நாம வச்சிருக்கிற காலண்டர் தான் ரொம்ப சின்னது.

ஆனா முழு அதிகாரம் படிச்சா எல்லாம் முடிஞ்சிடும்னு நான் சொல்ல மாட்டேன், சில நேரம் கேள்வி பெருசாகும். பச்சை குத்தலாமான்னு அடிக்கடி கேப்பாங்க. லேவியராகமம் 19:28 காட்டி கூடாதுன்னு முடிச்சிடலாம், ரொம்ப ஈஸி. அதிகாரம் முழுசா படிச்சா 19ஆம் வசனத்துல ரெண்டு வகை நூல் கலந்த துணி கூடாதுன்னு இருக்கு, 27ல தாடி ஓரத்த சிரைக்கக் கூடாதுன்னு இருக்கு, அதுக்கெல்லாம் முன்னாடி 18ல பிறன நேசின்னும் இருக்கு. நேசின்னு சொல்றத வச்சுக்கிட்டு துணிய விட்டுட்டோமே, எந்த அளவுகோல்ல? இதுக்கு அதிகாரம் பதில் சொல்லாது, அப்போஸ்தலர் 15, ரோமர் 14, எபிரெயர்னு முழு பைபிளையும் சேர்த்து யோசிச்சவங்க வேணும்.

அங்க தான் விளக்கவுரை. இதுக்கு ஒரே ஒரு கண்டிஷன் போடுவேன், ஒண்ணு மட்டும் வச்சுக்காதீங்க. ரோமர் 3:28ல கிரியை இல்லாம விசுவாசத்தினால நீதிமான்னு பவுல், யாக்கோபு 2:24ல விசுவாசத்தினால மாத்திரமல்ல கிரியையினாலயும்னு அந்த நிருபத்த எழுதின யாக்கோபு. ரெண்டு பேரும் ஆபிரகாமையே சாட்சிக்கு கூப்பிடுறாங்க. விளக்கவுரை இல்லாம படிச்சப்ப எனக்கு சிக்கலா தான் இருந்துச்சு, அப்புறம் தான் பாத்தேன், ஆபிரகாம் விசுவாசிச்சான், அது அவனுக்கு நீதியா எண்ணப்பட்டதுன்னு வர்ற ஆதியாகமம் 15ல பவுல் நிக்கிறாரு, யாக்கோபு அந்த வசனத்த சொன்னாலும் 22ஆம் அதிகாரத்துல ஈசாக்க பலிபீடத்துல வச்சதுல இருந்து ஆரம்பிக்கிறாரு. நடுவுல எவ்ளோ வருஷம் பாருங்க, 15ல அந்தப் பையன் பிறக்கவே இல்ல. இதெல்லாம் நல்ல விளக்கவுரை ஒரு பக்கத்துல காட்டிடும். ஆனா இதே ரெண்டு வசனத்துக்கு லூத்தரன் விளக்கம் ஒரு பக்கம் சாயும், கத்தோலிக்க விளக்கம் இன்னொரு பக்கம் சாயும். 1522ல சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஜெர்மன்ல ரோமர் 3:28க்கு 'மாத்திரம்'ங்கிற சொல்ல சேர்த்தாரு, 1547ல கத்தோலிக்க சபையோட திரெந்து சங்கம் அதுக்கு எதிரா தீர்மானம் போட்டுச்சு, 1999ல தான் லூத்தரன் உலக கூட்டமைப்பும் கத்தோலிக்க சபையும் உக்காந்து நீதிமானாக்கப்படுதல் பத்தி கூட்டறிக்கை போட்டாங்க. நானூறு வருஷத்துக்கு மேல சண்டை போட்ட விஷயத்த ஒரு புக்க மட்டும் வச்சு தீர்க்க முடியாது.

ஏஐ கிட்ட கேக்கலாமான்னு பசங்க கேக்குறாங்க. வேகம் சூப்பர் தான். ஆனா இல்லாத வசனத்துக்கும் அழகா எண் போட்டுக் குடுக்கும், பைபிள திறந்து சரிபாக்கிற பழக்கம் இருக்கிறவனுக்கு மட்டும் நல்லது.

கடைசியா ஆளு. பாஸ்டர், மூப்பர், வயசான ஒரு அக்கா, யாரா இருந்தாலும் சரி. வசன விளக்கத்துக்கு இவங்கள தான் கேக்கணும்னு இல்ல, விளக்கவுரையோட ஒப்பிட்டா சில நேரம் பாஸ்டர் சொல்றது மேலோட்டமா கூட இருக்கும். ஆனா எல்லா கேள்வியும் வசன கேள்வி இல்ல. ஒரு தடவை பிள்ளைய பறிகுடுத்த ஒரு அம்மா 'ஏன் எடுத்துக்கிட்டாரு'ன்னு கேட்டாங்க, நான் ரோமர் 8:28 சொன்னேன், சகலமும் நன்மைக்கு ஏதுவாங்கிறத. அவங்க தலைய மட்டும் ஆட்டினாங்க, அப்புறம் என்கிட்ட அத பத்தி பேசவே இல்ல. எங்க சபை அக்கா ஒருத்தங்க வந்து ஒண்ணும் சொல்லாம அவங்க வீட்டு பாத்திரத்த கழுவிட்டு பக்கத்துல உக்காந்தாங்க, அவங்ககிட்ட தான் அந்த அம்மா அழுதாங்க. யோபுவோட சிநேகிதங்களும் முதல் ஏழு நாள் வாய தொறக்காம தரையில உக்காந்து இருந்தாங்க, அது வரைக்கும் சரியா தான் இருந்தாங்க.

சீட்டுக்கு வர்றேன். அடுத்த கூட்டத்துல லேயாள், கோபுரம், கொர்பான் எல்லாம் வச்சு இருபது நிமிஷம் பேசினேன், நல்லா தான் போச்சு. அதுக்கடுத்த வாரம் டப்பாவ திறந்தா அதே பென்சில், அதே நாலு மடிப்பு. "நான் ஞானஸ்நானம் எடுத்தா வீட்ட விட்டு போயிடுன்னு அப்பா சொல்றாரு. இப்ப நான் என்ன பண்ண?"

கையில நோட்ஸ் இருந்துச்சு, எடுக்கல. இந்த சீட்ட எழுதினது யாருன்னு நான் கேக்க மாட்டேன், கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன அப்புறமும் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன், எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்லன்னு மட்டும் சொன்னேன்.