பிளான் 9-உடன் ஆறு ஆண்டுகள்: 'வேலை' என்று எழுத முடியவில்லை

வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறது, பிளான் 9 என்ற இயங்குதளத்தைப் போடலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பிறகு மனம் உறுத்தியது. ஆறு ஆண்டுகளாக என் வீட்டில் ஓடுவதே அதுதான். 2011-இல் மூலத்திலிருந்து பிரிந்து வளரும் 9ஃபிரண்ட் என்ற வடிவம்.

அதன் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்புகள் எல்லாம் அலமாரியில் இருக்கும் ஒரு கணினியில். கூடத்தில் உள்ள மடிக்கணினிக்கு வன்வட்டே கிடையாது. வலையமைப்பு வழியாகவே எழுந்து நிற்கும். வெளியூரில் இருந்தபோது ஒருமுறை வீட்டுக் கணினியின் வலையமைப்பே கோப்புகளாக இருக்கும் 'நெட்' கோப்புறையை வரவழைத்து என் கணினியில் பொருத்தினேன். அந்தச் சாளரத்தில் திறந்த இணைப்புகள் எல்லாம் வீட்டு வழியாகப் போயின. பக்கத்துச் சாளரம் பழையபடியே இருந்தது. இப்படி இணைப்பை வேறிடம் வழியாக அனுப்ப வழக்கமாகத் தேவைப்படும் விபிஎன் எதுவும் தனியாக நிறுவவில்லை. வலையமைப்பும் கோப்பு, சாளரமும் கோப்பு, எல்லாவற்றுக்கும் 9பி என்ற ஒரே நெறிமுறை. இதைப் பார்த்தபின் மற்ற இயங்குதளங்கள் ஒட்டுப்போட்ட துணியாகத் தெரிகின்றன. நவீன உலாவி இல்லை. வங்கி வேலைக்கு வேறு கணினி வைத்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

என் கோபம் வேறு. 'வேலை' என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்தேன். திரையில் வந்தது 'வலே'. அதற்குப் பின்னால் ஒட்ட எழுத்தில்லாமல் ஓர் இணைக்கொம்பு அநாதையாக நின்றது. வகரத்துக்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக்கொம்பு நகராமல் பின்னாலேயே நின்றதால் லகரத்தோடு சேர்ந்துவிட்டது. ஆறு ஆண்டுகளாக இதே 'வலே'தான்.

வேறு எந்த இயங்குதளத்தில் இப்படி வந்திருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கம் பிறந்ததே பிளான் 9-இன் வீட்டில்தான். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், பிளான் 9-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதை மேசைத் தாளில் வரைந்தார். உடன் இருந்தவர் அவருடைய சகா ராப் பைக். சில நாள்களுக்குள் பிளான் 9 முழுவதையும் அதற்கு மாற்றினார்கள். நீங்கள் இப்போது படிக்கும் தமிழ் உங்களிடம் வந்து சேர்ந்ததும் அந்தக் குறியாக்கத்தில்தான். அது பிறந்த வீட்டில் தமிழுக்குக் கொம்பு நிற்க இடமில்லை!

எழுத்து வரையும் நிரலைப் பிரித்துப் படித்தேன். சிக்கலே இல்லாத, அழகான நிரல். ஒரு குறிக்கு ஒரு படம் எடுக்கும், வைக்கும், அதன் அகலம் நகரும், அடுத்ததை எடுக்கும். கிரேக்கத்துக்கும் சீனத்துக்கும் அது போதும். தமிழில் கொம்பை முன்னால் நகர்த்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அங்கே இல்லை. நியாயமாகச் சொன்னால், கோப்புக்குள் ஒரு பைட்டும் பிழையில்லை. தேடினால் கிடைக்கிறது, வேறு கணினியில் திறந்தால் 'வேலை' சரியாகவே வருகிறது. மூலநிரல் 2000-இலேயே திறக்கப்பட்டது, 2021 முதல் எம்ஐடி உரிமம்; திருத்த யாருக்கும் தடையில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு காலையும் அந்த 'வலே'யைப் பார்க்கும்போது ஆத்திரம் வருகிறது.

நண்பர் தமிழில் கதை எழுதுகிறவர். அவருக்குச் சொன்ன 'வேண்டாம்' வேண்டாம்தான். இந்தக் கட்டுரையை வேறு கணினியில் தட்டச்சு செய்தேன். சேமிப்பது அலமாரிக் கணினியில், 'வேலை' கோப்புறைக்குள்.