டிஷ்வாஷர் உதிரி பாகம்: கம்பெனி சரக்கா, மாற்றுச் சரக்கா, பழசில் கழற்றியதா?

டிஷ்வாஷரில் ஒரு பாகம் தேய்ந்துபோனால் வாங்க மூன்று வழி உண்டு. இயந்திரத்தின் பிராண்ட் பெயரிலேயே வரும் கம்பெனி பாகம், வேறொருவர் செய்து ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்று விற்கும் மாற்றுப் பாகம், ஓட்டம் நின்ற இயந்திரத்திலிருந்து கழற்றிய பழைய பாகம். இதில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. ரப்பருக்கு ஒரு பதில், பம்புக்கு வேறு பதில், கம்பித் தட்டுக்கு இன்னொன்று.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை சரியான எண்ணைப் பிடிப்பது. கதவைத் திறந்தால் அதன் மேல் விளிம்பிலோ பக்க விளிம்பிலோ ஒரு லேபிள் இருக்கும். முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட மாடல் பெயரை மட்டும் வைத்து ஆர்டர் போட்டால் பாதி நேரம் தவறான பாகம்தான் வந்து சேரும். பாஷ், சீமன்ஸ் இயந்திரங்களில் ‘இ-எண்’ என்பதையும், சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் மாறாமலே உள்ளே பம்ப் மாறியிருப்பதை அந்த இரண்டு இலக்கம்தான் காட்டிக்கொடுக்கும். அதே லேபிளில் உள்ள ‘எஃப்டி’ எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தோடு 20 கூட்டினால் தயாரான ஆண்டு, அடுத்த இரண்டு மாதம்: 9805 என்றால் 98 + 20 = 118, அதன் கடைசி இரண்டு இலக்கம் 18, அதாவது 2018 மே. எலக்ட்ரோலக்ஸ், ஏஇஜி இயந்திரங்களில் ‘பிஎன்சி’ எனும் 9 இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும்.

கழற்றிய பாகத்தின் மேல் வார்ப்பில் பதிந்திருக்கும் எண்ணை நம்பித் தேடுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் அச்சின் எண்ணாகவோ பிளாஸ்டிக் வகையின் குறியாகவோ இருக்கும். ஆர்டர் எண் அல்ல. ஒட்டிய லேபிளில் இருக்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு. பழைய எண்ணை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகப் புது எண் கொடுப்பதும் வழக்கம் என்பதால், ‘ஸ்டாக் இல்லை’ என்று வந்தவுடன் கைவிடாமல் மாற்று எண் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கதவு ரப்பர்

இதில் போட்டியே இல்லை, கம்பெனி பாகம்தான். மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும் ரப்பர் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பள்ளத்தில் உட்காரும் அடிப்பகுதியின் அகலம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் போதும்: ஒன்று பிதுங்கி நின்று கதவை மூடவிடாது, இல்லையென்றால் தளர்ந்து கீழ் மூலையில் கசியும். பழைய இயந்திரத்தில் கழற்றிய ரப்பரை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அது அந்தக் கதவின் அழுத்தத்துக்கு ஏற்ப நசுங்கி உறைந்துவிட்டது. உங்கள் கதவோடு பொருந்தாது.

மாட்டும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான மாடல்களில் இந்த ரப்பர் தொட்டியின் மேல்பக்கத்தையும் இரு பக்கங்களையும் மட்டும் சுற்றிவரும். கீழ் விளிம்புக்குத் தனி ரப்பர் உண்டு. கசிவு கீழே என்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள். பள்ளத்தில் படிந்த கொழுப்பை வெந்நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு முழுதாக எடுத்த பிறகு, புது ரப்பரைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டு மடிப்பு நீக்குங்கள். மேல்பக்கத்தின் நடுவில் தொடங்கி இரு புறமும் அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். இழுத்து நீட்டி மாட்டினால் அன்றைக்குச் சரியாகத் தெரியும். சில கழுவலுக்குப் பின் சுருங்கி இரு நுனிகளிலும் இடைவெளி விட்டுவிடும். வழுக்கலுக்கு வாசலின் தடவாதீர்கள். இந்த ரப்பர் பொதுவாக இபிடிஎம் எனும் செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். தேவையென்றால் சிலிக்கான் கிரீஸ்.

ரப்பரை மாற்றும் முன் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. கதவடியில் நீர் வருவதற்கு விரிசல் விட்ட கீழ்க் கழுவு கையும் (பாத்திரங்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சியபடி சுழலும் கை) காரணமாகலாம். இரண்டு பிளாஸ்டிக் பாதிகளை ஒட்டிச் செய்த அந்தக் கையின் ஓரம் பிளந்தால், தண்ணீர் நேராகக் கதவின் கீழ் விளிம்பில் பீய்ச்சும். இயந்திரம் முன்பக்கம் சாய்ந்திருந்தாலும், பாத்திரத்தைக் கையால் கழுவும் சோப்பு நீரை உள்ளே ஊற்றி நுரை பொங்கினாலும் இதே கதைதான்.

பம்பும் வால்வும்

இங்கே மாற்றுப் பாகத்தின் கை ஓங்குகிறது. இயந்திரம் செய்யும் பிராண்டுகளில் பலவும் வடிகால் பம்பைத் தாமே செய்வதில்லை; இத்தாலியின் அஸ்கோல் போன்ற நிறுவனங்களிடம் வாங்கி மாட்டுகின்றன. நீர் உள்ளே விடும் வால்வுக்கு எல்பி, பிட்ரான் போன்ற பெயர்கள். பழைய பம்பின் உடலில் அந்தப் பெயர் இருந்தால், அதே பெயரில் அதே எண்ணுடன் வருவது வேறு பெட்டியில் போட்ட கம்பெனி பாகமே. பெயரே இல்லாத பம்ப் வேறு ரகம்: காந்த ரோட்டரின் தாங்கி சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும்.

பம்ப் வாங்கும்போது நான்கை ஒப்பிடுங்கள். பம்பையே திருகிப் பூட்டும் வகையா, ஸ்க்ரூ போட்டு இறுக்கும் வகையா; திருகும் வகையென்றால் கவ்விகள் எத்தனை; ஒயர் குத்தும் முனை எந்தப் பக்கம். நான்காவதாக மின் அளவு. இந்தப் பம்புகளின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைச் சார்ந்தது, ஆகவே 60 ஹெர்ட்ஸ் பம்பை 50 ஹெர்ட்ஸ் ஊரில் மாட்டினால் வேகம் குறையும்.

ஆனால் வாங்குவதற்கு முன் பழையது செத்ததா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, அடியில் தேங்கிய நீரைப் பஞ்சால் எடுத்துவிட்டு, வடிகட்டிக்குக் கீழே உள்ள பம்ப் மூடியைத் திறந்தால் சிறு இறக்கை தெரியும். கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து விரலைத் தவிர்த்து மரக்குச்சியால் சுற்றுங்கள். விட்டுவிட்டுத் துள்ளலாகச் சுற்றினால் அது நல்ல பம்பின் இயல்பு. சிக்கியிருப்பதாக நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். பாஷ் இயந்திரங்களில் வரும் இ24, இ25 பிழைகளுக்கு எலும்புத் துண்டு, பல்குச்சி, சரியாகப் பூட்டாத பம்ப் மூடி, மடங்கிய வடிகால் குழாய் ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். 230 வோல்ட் இயந்திரங்களில் வடிகால் பம்பின் சுருள் பெரும்பாலும் 100 முதல் 250 ஓம், வால்வின் சுருள் 3 முதல் 4.5 கிலோ ஓம், 2000 வாட் ஹீட்டர் என்றால் 26 ஓம் அளவு காட்டும். சுருள் முடிவிலியைக் காட்டினால் அறுந்துவிட்டது என்று பொருள். ஹீட்டரின் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே மீட்டர் ஓம் அளவு காட்டினால் மின்கசிவு, அதை அன்றே நிறுத்த வேண்டும்.

ஹீட்டர் பல புதிய மாடல்களில், தண்ணீரைக் கழுவு கைகளுக்குத் தள்ளும் சுழற்சிப் பம்போடு ஒட்டியே வருகிறது. தனியாக மாற்ற முடியாது. இதிலும் கழற்றிய பாகம் கையைக் கடிக்கும். உள்ளிருக்கும் சீல் எவ்வளவு தேய்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. கசிந்தால் அடித்தட்டில் நீர் தேங்கி, மிதவை தூக்கி, வெள்ளப் பாதுகாப்பு இயந்திரத்தையே நிறுத்திவிடும். ஆனால் ஓம் சரியாக இருந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால் பம்பை வாங்காதீர்கள். கட்டுப்பாட்டு போர்டில் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேவின் ஈயப்பற்று கருகியிருக்கிறதா என்று பாருங்கள். சால்டர் பிடிக்கத் தெரிந்தவர் கையில் அது சிறிய வேலை.

தட்டு, சக்கரம், கழுவு கை

கம்பித் தட்டுக்குக் கழற்றிய பாகம் அருமையானது. மூடுபூச்சு உரியாமல், முனைகளில் துரு இல்லாமல் இருந்தால் போதும். சக்கரத்துக்கு மாற்றுப் பாகம். விட்டத்தையும் அச்சுத் துளையையும் அளந்து வாங்குங்கள். மேல்தட்டை உயர்த்தித் தாழ்த்தும் பிடி ஒரு விசித்திரமான வழக்கு. கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பிடி சூட்டில் வெடித்துவிடும் மாடல்களுக்கு, உலோகம் சேர்த்த மாற்றுப் பிடி அசலைவிட உறுதியாக வருகிறது.

கழுவு கை அடைத்திருந்தால் மாற்றுவதற்கு முன் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துளைகளைக் குத்திவிடலாம். நடுத் தாங்கி தேய்ந்து ஆடினால்தான் புதிது வேண்டும். இப்போது 3டி அச்சில் செய்து தருகிறார்களே என்றால், அதற்குப் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே இளகும். கழுவலோ 65, 70 வரை போகும். சக்கரம் முட்டை வடிவமாகிவிடும்.

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க உப்பு போடும் பெட்டி உண்டு; அதன் மூடியின் வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. அது கசிந்தால் உப்பு நீர் தொட்டியில் இறங்கி, துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கம்பெனி வளையமே போடுங்கள்.

கட்டுப்பாட்டு போர்டு

கழற்றிய போர்டு மலிவாகக் கிடைக்கும், ஆசை காட்டும். ஒரே போர்டைப் பல மாடலில் வைத்து, எந்த மாடல் என்பதை உள்ளே எழுதிவிடும் முறை பரவலாக இருப்பதால், எண் ஒத்துப்போனாலும் வேறு மாடலின் நினைவோடு வந்த போர்டு புரோகிராமைத் தாறுமாறாக ஓட்டும். உங்கள் மாடலிலிருந்தே, சாய்கோட்டு எண் உட்பட ஒத்த இயந்திரத்திலிருந்தே எடுத்தது என்றால் வாங்கலாம். புது போர்டை எழுதித் தர சர்வீஸ் கருவி வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கதவு ரப்பர், கீல், கழுவு கை, வடிகட்டி, தட்டு போன்றவை 10 ஆண்டுகளுக்கு வீட்டுக்காரருக்கும் கிடைக்க வேண்டும். பம்ப், ஹீட்டர், போர்டுக்கு 7 ஆண்டு, அதுவும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவருக்கு மட்டும். அங்கே விற்கும் மாடலே உங்களிடம் இருந்தால், எந்தப் பாகத்தைக் கம்பெனியிடம் தேடலாம், எதற்கு மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.