பறவைக்கும் முகத்துக்கும் முதல் லென்ஸ்: 50ஆ, 55-250ஆ, 150-600ஆ?

கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமரா ஒன்றும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் கையில் இருக்கின்றன. ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைச் சரணாலயத்துக் கூழைக்கடாவையும் எடுக்க வேண்டும், வீட்டில் அம்மாயியையும் எடுக்க வேண்டும். இப்போதைக்கு ஒரு லென்ஸுக்குத்தான் காசு. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலரும் வந்து நிற்கிற இடம் இதுதான். கடையில் கேட்டால் 50 மி.மீ. எஃப் 1.8 என்பார்கள் (மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). ஏரிக்கரையில் கேட்டால், 600 இல்லாமல் பறவைப் பக்கமே வராதீங்க என்பார்கள். இரண்டுமே முதல் லென்ஸ் அல்ல என்பது என் கட்சி. நடுவில் கிடக்கிற 55-250 அல்லது 70-300தான் முதலில் வர வேண்டும்.

முதலில் 50. மூன்றில் விலை குறைந்தது இதுதான். கேனனின் 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். (ஃபோகஸ் மோட்டார் வகையின் பெயர்) வெறும் 160 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். சென்சார் சிறியது என்பதால் கிராப் கேமராவில் இது 75-80 மி.மீ. லென்ஸ் போலப் பார்க்கும். முகத்துக்கு அருமையான அளவு. 55-250ஐ முழுக்க நீட்டினால் வரும் எஃப் 5.6ஓடு ஒப்பிட்டால் எஃப் 1.8 சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கல்யாண மண்டபத்தின் மங்கிய மூலை, விளக்கு வெளிச்சத்தில் சீர் நடக்கிற நேரம், சன்னலோரம் தூங்கும் குழந்தை என்று வந்துவிட்டால் இதற்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்கவே முடியாது.

ஆனால் இடம் கேட்கும். ஆளை நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை எடுக்க நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். பழைய வீட்டு ஆசாரம் (கூடம்) என்றால் சரி, இரண்டு அறை வீட்டில் முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள் எடுப்பதுதான் முக்கியம் என்பவர் 35 எஃப் 1.8 பக்கம் போகலாம். 3 மீட்டரில் வேலை முடிந்துவிடும். நிக்கான்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 50 எஃப் 1.8-ல் 'டி' என்று முடிகிற பழைய வகை மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஜி' வகையை வாங்குங்கள்.

பறவைக்கு 50 உதவாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி 55-250. பலர் இதைக் 'கிட் பெட்டியில் வருகிற இன்னொரு லென்ஸ்' என்று ஒதுக்குகிறார்கள். முகம் எடுக்க இது தேறாது, எஃப் 5.6ல் பின்னணி கரையாது என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணை, எஃப் எண்ணால் வகுத்தால் அப்பர்ச்சரின் (வெளிச்சம் நுழையும் துளையின்) விட்டம் வரும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. 250ஐ 5.6ஆல் வகுத்தால் சுமார் 45 மி.மீ. முகத்தைப் படத்தில் ஒரே அளவில் வைத்து எடுத்தால், வெகு தொலைவில் இருக்கும் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை முடிவு செய்வது இந்த விட்டம்தான். அதாவது தென்னந்தோப்பில் ஆளை நிறுத்தி, பின்னால் தூரத்து மரங்கள் இருந்தால், மட்டமாகப் பேசப்படுகிற 250தான் 50ஐவிட அதிகமாகக் கரைக்கும்.

இன்னொன்றும் உண்டு. தலையும் தோளும் வருகிற மாதிரி எடுக்கும்போது 50ல் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 5 செ.மீ. கண் தெளிந்தால் காது போய்விடும். ஆள் சற்று அசைந்தால் கண்ணும் போய்விடும். 250ல் எஃப் 5.6 வைத்தால் அந்த ஆழம் சுமார் 16 செ.மீ. முகம் முழுக்கத் தெளிவு, பின்னணி முழுக்கக் கரைவு. கற்றுக்கொள்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று நாலு படம் எடுத்தால் தெரியும். சுவரை ஒட்டி ஆள் நின்றால் கதை மாறும். அங்கே 50தான் ஜெயிக்கும். அப்புறம், 250ல் எடுக்க ஆறேழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், "கொஞ்சம் சிரிங்க அம்மாயி" என்று கத்த வேண்டியிருக்கும். கேமராவைக் கண்டாலே விறைத்துப் போகிற பெரியவர்களுக்கு அந்தத் தூரமே நல்லது என்பேன்.

பறவைக்கு? இது இடத்தைப் பொறுத்தது. கிராப் சென்சாரில் 250 என்பது 400 மி.மீ. போலப் பார்க்கும். 40 மீட்டரில் ஒரு கூழைக்கடா படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைக்கும். 20 மீட்டரில் வெண்மார்பு மீன்கொத்தி ஆறில் ஒரு பங்குதான். வெட்டிப் பெரிதாக்க வேண்டும். 8 மீட்டரில் பஞ்சுருட்டான் கால் பங்கு வரும், அது போதும்.

8 மீட்டர் வரை பறவை விடுமா என்று கேட்பீர்கள். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) விடும். கிளுவை வேலியில் கரிச்சானும் பஞ்சுருட்டானும் உட்கார்ந்திருக்கும், வெள்வேல மரத்தில் பனங்காடை இருக்கும். காரை ஓரமாக நிறுத்தி, இறங்காமல் சன்னல் வழியே எடுத்தால் பெரும்பாலும் பறக்காது. தோட்டத்துக் கிணற்றில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தால் எதிர்க்கரையில் நின்றே எடுக்கலாம். கூட்டை நெருங்கவும் வேண்டாம், கிளையை ஒடிக்கவும் வேண்டாம். கோவை உக்கடம் பெரியகுளத்திலும் கரையோரம் வருகிற நீர்க்காகம், தாழைக்கோழிக்கு 250 தாங்கும்.

வாங்கும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். கேனன் 55-250-ல் எஸ்.டி.எம். என்று முடிவது 2013ல் வந்தது. எடை 375 கிராம். முந்தைய வகைகளைவிடக் கூர்மையும் அதிகம், ஃபோகஸும் வேகம். பழைய 75-300ஐ யாராவது "300 இருக்கு பாருங்க" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை, கடைசி முனையில் கூர்மையும் இல்லை. நிக்கானில் 2016ல் வந்த ஏ.எஃப்-பி 70-300 நல்ல லென்ஸ். அதிலும் வி.ஆர். (நடுக்கத்தைத் தாங்கும் வசதி) உள்ளது, இல்லாதது என இரண்டு வகை, உள்ளதையே எடுங்கள். டி3200, டி5100, டி7000 போன்ற பழைய கேமராக்களில் இது ஃபோகஸ் ஆகவே ஆகாது.

கடைசியாக 150-600. சிக்மா, டாம்ரான் இரண்டுமே தருகின்றன. நிக்கானின் 200-500 எஃப் 5.6ஐயும் இதே வரிசையில் வைக்கலாம். விலை 55-250ஐப் போலப் பல மடங்கு, எடை சுமார் 2 கிலோ. திருப்பூர் நஞ்சராயன் குளத்தின் நடுவே 100 மீட்டர் தள்ளி மிதக்கும் பட்டைத்தலை வாத்து 250ல் ஒரு புள்ளி. 600ல் படத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்தை மறுக்க முடியாது. பறவை மட்டும்தான் எடுக்கப் போகிறேன் என்று தெரிந்துவிட்டவர் கடைசியில் இங்கேதான் வந்து சேர்வார்.

முதல் லென்ஸாக இது வேண்டாம் என்பதற்குக் காசு ஒரு காரணம்தான். நம்மூர் வெயிலில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தண்ணீருக்கும் காட்டுக்கும் மேலே காற்று அலையடிக்கத் தொடங்கும். 100 மீட்டர் தள்ளி இருப்பதை எடுத்தால் அந்த அலையும் சேர்ந்து பெரிதாகி, படம் நீரில் நனைந்தது போல வரும். லென்ஸ் மேல் பழி போட்டு விற்றுவிடுகிறவர்கள் உண்டு. விடியற்காலையில் போனால் அலை இருக்காது, ஆனால் எஃப் 6.3க்கு வெளிச்சம் பத்தாது, ஐ.எஸ்.ஓ.வை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்ற வேண்டும். பறக்கிற பறவைக்கு நொடியில் 2000ல் ஒரு பங்கு ஷட்டர் வேண்டும். நடுக்கத்தைத் தாங்கும் வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், சிறகை நிறுத்தாது. இதையெல்லாம் 375 கிராம் லென்ஸில் பழகுவது சுலபம். 600 எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்து வெள்ளோட்டுக்குப் போய் வந்தால் போதும். நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டம் நன்றாக இருக்கும்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேனன் வைத்திருப்பவருக்கு நாலாவதாக ஒரு வழி உண்டு: ஆர்.எஃப். 100-400. 635 கிராம்தான், ஆனால் 400ல் எஃப் 8. வெயிலில் இனிக்கும், மாலையில் கசக்கும். விலை கட்டவில்லை என்றால் அடாப்டர் போட்டுப் பழைய 55-250 எஸ்.டி.எம்.மையே மாட்டலாம், ஃபோகஸ் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை மழையில் சுற்றி வந்த லென்ஸுக்கு அது எளிதில் பிடிக்கும். எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு தூசி தெரிந்தால் பரவாயில்லை. ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பார்த்து, உங்கள் சொந்தக் கேமராவில் மாட்டி, 250ல் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.