சீடா பதிவு: சொந்தப் பெயரிலா, கம்பனியாகவா, சப் வேலையே போதுமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் செய்வது டெண்டர் பத்திரம் நிரப்பும் வேலை. என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் சின்னக் கொந்தராத்துக்காரர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள்: “தம்பி, அரசாங்க வேலை எடுக்கவேணும். எந்த வழியால போறது?”

வழி மூன்று உண்டு. பெரிய கொந்தராத்துக்காரருக்குக் கீழே சப் வேலை செய்வது ஒன்று. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் சீடாவில், அதாவது கொந்தராத்துக்காரரைத் தரம் பிரித்துப் பதியும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில், பதிவு எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, தனியார் கம்பனி தொடங்கி அதன் பெயரில் எடுப்பது.

சப் வேலையில் தலையிடி குறைவு. பிணைமுறி வேண்டாம், சீமெந்துக்குக் கடன் சொல்லவேண்டாம். ஆனால் அரசாங்க பில் தாமதமானால் கடைசியாகக் காசு காண்பவர் சப்காரர்தான். ரிட்டென்ஷன், அதாவது வேலைக்கு உத்தரவாதமாகப் பிடித்துவைக்கும் காசு, என்று ஒவ்வொரு பில்லிலும் வழக்கமாக 10 வீதத்தைப் பிடிப்பார்கள், மொத்தம் ஒப்பந்தத் தொகையில் 5 வீதம் ஆகும்வரை. பெரியவரிடம் பிடித்ததை அவர் உங்களிடம் பிடிப்பார். அதில் பாதி, வேலை முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் வரும்.

அதைக்கூடப் பொறுக்கலாம். வேலை முடிந்ததும் திணைக்களம் கொடுக்கும் கடிதத்தில் இருப்பது பெரியவர் பெயர். டெண்டர் பத்திரங்கள் பெரும்பாலும் கேட்பது பிரதான ஒப்பந்தகாரராகச் செய்த அனுபவத்தை. பதினைந்து வருடம் பாடசாலைக் கட்டடம் கட்டிய ஒரு அண்ணையின் கோப்பை நான் புரட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது படங்கள் மட்டும். சாரக்கட்டுக்குக் கீழே அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கடிதம் ஒன்றுகூட இல்லை. அடுத்தவருடைய சீடா தரத்தை, அதாவது கிரேட்டை, வாடகைக்கு எடுத்து டெண்டர் போடும் பழக்கமும் இருக்கிறது. அதை நான் எழுதிக் கொடுப்பதில்லை. பில் காசு போவது அவருடைய வங்கிக் கணக்குக்கு, பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

சரி, சொந்தப் பதிவுக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குவது சீடா. பழைய ஆட்கள் இன்னும் முந்திய பெயரில் இக்டாட் என்றுதான் சொல்வார்கள். கட்டடம், வீதி, பாலம், நீர் வழங்கல் என்று துறை துறையாகப் பதிவு. தரத்தில் சி9 அடி, அங்கிருந்து சி1 வரை, அதற்கும் மேலே சிஎஸ்1, சிஎஸ்2. காசு, ஆளணி, இயந்திரம், செய்த வேலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் தரம் கொடுப்பார்கள். கட்டடம் மட்டும் கட்டியவர் வீதிக்கும் விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை.

வியாபாரப் பெயர் சுருக்கமான வழி. செலவு குறைவு, ஆடிட்டர் தொல்லையும் குறைவு. 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. கம்பனியோ முதல் ரூபா இலாபத்தில் இருந்தே 30 வீதம் கட்டவேண்டும். இலாபம் நன்றாக ஏறினால் கணக்கு மாறும், தனிநபரின் உச்ச வீதம் 36. ஆனால் வேலை நட்டத்தில் போனால் கடன்காரர் உங்கள் வீட்டு உறுதியையும் தேடி வரலாம். கம்பனி என்றால் அது வேறு ஆள், கடனும் அதனுடையது. வங்கி இயக்குநரிடம் தனிப்பட்ட பிணை வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு, வாங்காத வங்கியை நான் அதிகம் கண்டதில்லை.

கம்பனிக்குச் செக்ரட்டரி வேண்டும், வருடாந்த அறிக்கை வேண்டும். அதேநேரம் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட டெண்டருக்குத் தேவையான பிசிஏ 3 என்ற அரச ஒப்பந்தப் பதிவுப் படிவத்துக்கு, கம்பனியே இல்லாதவரும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும். இது ஒரு வேடிக்கை.

பெயர் விஷயத்தில் நானும் ஒருமுறை அடிபட்டேன். வியாபாரப் பெயரில் டெண்டர், டெண்டரோடு வைக்கும் வங்கிப் பிணையான பிட் பொண்ட் மட்டும் உரிமையாளரின் சொந்தப் பெயரில். வங்கியில் அப்படியே அடித்துக் கொடுத்தார்கள், நானும் வாசிக்காமல் உறைக்குள் வைத்து ஒட்டினேன். திறக்கும் நேரத்தில் எல்லார் முன்னாலும் விலையை வாசித்தார்கள், நாங்கள்தான் குறைவு. பிறகு மதிப்பீட்டில் தள்ளிவிட்டார்கள். அந்த உரிமையாளர் அண்ணை என்னை ஏசவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

என் அபிப்பிராயம் இதுதான். கழிப்பறை, வடிகால், மதில் திருத்தம் என்று தனி ஆளாகச் சின்ன வேலை செய்பவருக்கு வியாபாரப் பெயரும் அடித்தரமும் தாராளம். பங்காளி இருந்தால், அல்லது மகனும் இறங்கப் போகிறான் என்றால், முதல் நாளே கம்பனி. பிறகு மாறலாம் என்று விட்டால், சேர்த்த கடிதங்கள் பழைய பெயரிலேயே கிடக்கும், கம்பனி சட்டப்படி புது ஆளாக நிற்கும்.

போன மாதம் வத்தளையில் இருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். இதைச் சொன்னதும் மூத்தவர் முகத்தைச் சுளித்தார். “வேலை கிடைக்க முன்னமே செக்ரட்டரிக்குக் காசா?” தம்பிக்காரர் பேனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.