நெமோவா, பங்காய் கார்டினலா: வீட்டில் குஞ்சு எடுக்க எது ஏற்றது?

கடல் மீன்களை வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்ய முனைவோர் பெரும்பாலும் இரண்டு மீன்களுக்கு இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, எல்லோரும் நெமோ என்று கேட்டு வாங்கும் கோமாளி மீன். மற்றொன்று, வெள்ளி உடலில் கறுப்புப் பட்டைகளும் வெண்புள்ளிகளும் கொண்ட பங்காய் கார்டினல். சென்னையில் என் வீட்டில் இரண்டையும் வளர்த்துக் குஞ்சு எடுத்துப் பார்த்த பிறகு, பங்காயை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆகவே, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உப்பின் அளவு, வெப்பநிலை, வடிகட்டி ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சோடி சேர்ப்பதில் நெமோவே எளிது. அதன் குஞ்சுகள் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை என்பதாலும், சேர்ந்து வாழ்பவற்றில் வலியது பெண்ணாக மாறிவிடும் என்பதாலும், அளவில் வேறுபட்ட இரண்டு இளமீன்களை ஒரே தொட்டியில் விட்டுப் பொறுத்திருந்தால் போதும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் நெமோவைப் பொரிப்பகத்தில் வெற்றிகரமாகப் பெருக்கியிருப்பதால், நம் ஊரிலேயே அதற்கான அனுபவ அறிவும் இருக்கிறது.

வீட்டில் வளர்ப்பவருக்கு முடிவைத் தீர்மானிப்பது குஞ்சின் முதல் உணவுதான். சாய்த்து வைத்த மண் பூந்தொட்டியின் உட்புறத்தில் நெமோ இடும் இருநூறு முந்நூறு முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, ஏழெட்டு நாட்களில் வெள்ளிக் கண்கள் பளபளக்கும் அளவுக்கு முற்றி, விளக்கணைத்த ஓரிரு மணி நேரத்தில் பொரிந்துவிடுகின்றன. வெளிவரும் குஞ்சின் வாய் மிகச் சிறியது என்பதால், அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலைக்கூட அதனால் விழுங்க இயலாது. முதல் எட்டுப் பத்து நாட்களுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரிதான் அதற்கு உணவு. அந்த ரோட்டிஃபரை உயிரோடு வைத்திருக்க நானோகுளோராப்சிஸ் போன்ற நுண்பாசி வேண்டும். அந்தப் பாசியையும் வளர்க்க வேண்டும் அல்லது விலைக்கு வாங்க வேண்டும். முட்டை இல்லாத வாரங்களிலும் ரோட்டிஃபர் வாளிக்கு நாள்தோறும் தீனி போட்டு, ஒரு பகுதியை வடித்தெடுத்து, புதிய கடல்நீர் சேர்த்தாக வேண்டும். திருநெல்வேலியில் ஒரு திருமணத்துக்காக இரண்டு நாட்கள் சென்று திரும்பியபோது, என் வாளியில் நுரை கட்டி, அழுகிய வாடை அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டிஃபர் முழுவதும் செத்துப்போயிருந்தது. அன்றிரவே முட்டைகள் பொரிந்தன. மூன்றாம் நாள் காலையில் தொட்டியில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

பங்காயில் இந்தச் சங்கிலியே கிடையாது. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, பொரிந்த குஞ்சுகளையும் சில நாள் அங்கேயே வைத்திருந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வெளியே விடுகிறது. அந்த நாட்களில் அதன் தாடை உப்பியிருக்கும். பிடித்த இறாலைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விடப்படும் குஞ்சு, பெற்றோரைப் போலவே பட்டைகளோடு, நீந்தும் திறனோடு, ஆர்ட்டீமியாவை உடனே கொத்தித் தின்னும் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆர்ட்டீமியா முட்டைப் பொடி டப்பாவில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்; தேவைப்படும்போது ஒரு சிட்டிகை எடுத்து, உப்புநீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால், மறுநாள் உணவு தயார். அலுவலகம் செல்பவருக்கு இந்த ஒரு வசதியே எல்லாக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

பங்காயிலும் குறைகள் உண்டு. ஒரு முறைக்கு இருபது குஞ்சுகள் கிடைத்தாலே நிறைவு. ஆர்ட்டீமியாவுக்கு மீன் எண்ணெய் கலந்த சத்தூட்டத்தை ஊட்டாமல் கொடுத்தால், சில வாரங்கள் நன்றாக வளர்ந்த குஞ்சு, விளக்கைப் போட்ட அதிர்ச்சியிலேயே துடித்துச் செத்துவிடும். என் முதல் ஈட்டில் பாதியை இவ்வாறு இழந்தேன். குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ளவும் இடம் வேண்டும். கடலில் அவை நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகளுக்கு நடுவே வாழ்பவை. கம்பிகளைக் கட்டப் பயன்படும் கறுப்பு நிற பிளாஸ்டிக் டைகளை ஒரு பந்தில் செருகி நான் செய்து போட்ட முள்ளுருண்டையை அவை அப்படியே ஏற்றுக்கொண்டன.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமானது. இந்த மீன் இயற்கையில் இந்தோனேசியாவின் சுலாவெசிக்கு அருகில் உள்ள பங்காய் தீவுகளைச் சேர்ந்தது. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வேறிடம் பரவாததால், ஓரிடத்தில் வாரிப் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டம் எளிதில் மீள்வதில்லை. அலங்கார மீன் வணிகத்துக்காக ஏராளமாகப் பிடிக்கப்பட்டதால், 2007இல் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஒருவர் வீட்டில் எடுக்கும் இருபது குஞ்சுகள், கடலிலிருந்து பிடிக்கப்படாத இருபது மீன்கள் என்றே நான் கருதுகிறேன்.

விற்பனையைப் பொறுத்தவரை என் அனுபவம் சிறியது. ஒரே சோடியிலிருந்து சில ஈடுகளை மட்டும் தெரிந்த வளர்ப்பாளர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நெமோவைவிடப் பங்காய்க்குக் கூடுதலாகவே தந்தார்கள். ஆனால் மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் விற்க எண்ணுபவர், வீட்டில் வாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் இருந்தால், நெமோவையே தேர்ந்தெடுக்கலாம். பங்காய் வாங்குவோர், பண்ணையில் பிறந்த இளமீன்களாக ஐந்தாறு வாங்கி ஒரே தொட்டியில் விடுங்கள். ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிப்பது கடினம். இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கிய அன்றே, அந்த மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.