ஸ்ட்ராப் லாக் மாட்டித் தருகிறேன் என்று சொல்லி 14,500 ரூபாய்க்கு வேட்டு வைத்த கடை

இன்று மதியம் கடைக்காரர் போனில் சொன்ன பதிலைக் கேட்ட சூட்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக மேடையில் நின்று வாசிப்பவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய். ஸ்ட்ராப், அதாவது தோளில் மாட்டுகிற பட்டை, கிட்டாரிலிருந்து கழலாமல் பூட்டிப் பிடிக்கிற லாக்குக்கு 1,650, அதை மாட்டுவதற்குக் கூலி 350, அந்த லாக் பிடுங்கிக்கொண்டு வந்ததால் உடைந்த கிட்டாரைச் சரிசெய்ய 12,500.

என்னிடம் இருப்பது எஸ்ஜி வடிவ கிட்டார், கிப்சன் கம்பெனியின் இரட்டைக் கொம்பு மாடல். வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உடம்பு மெலிசாக, லேசாக இருக்கும், அதனால் கையை எடுத்தால் தலைப்பக்கம் கீழே போகும். மற்ற பல கிட்டார்களில் ஸ்ட்ராப் பட்டன், அதாவது ஸ்ட்ராப்பை மாட்டுகிற குமிழ், மேல் கொம்பின் நுனியில் இருக்கும். என் கிட்டாரில் அது கழுத்து சேரும் இடத்தில், பின்பக்கம் இருக்கிறது. கிட்டார் முன்னால் சாயும்போதெல்லாம் அந்தப் பட்டனின் ஸ்க்ரூவை மரத்திலிருந்து நேராகப் பிடுங்குகிற மாதிரி இழுக்கும். சாதாரணத் தோல் ஸ்ட்ராப்பில் ஓட்டை தளர்ந்துபோய் ஒத்திகையிலேயே ஒரு தடவை கழன்றுவிட்டது, முழங்காலில் தாங்கிப் பிடித்தேன். கல்யாண சீசன் வருகிறது, ரிசப்ஷன் கச்சேரிகளில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்க வேண்டும், அதனால் நல்ல லாக் ஒன்று போட்டுவிடலாம் என்றுதான் போனேன்.

கடை கோவையில் இருக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை. ஹார்மோனியத்திலிருந்து டிரம் செட் வரைக்கும் விற்கிற, பின்னால் சர்வீஸ் ரூம் வைத்திருக்கிற, சர்ச் ஆட்களும் ஆர்கெஸ்ட்ரா ஆட்களும் வந்துபோகிற மாதிரியான பெரிய மியூசிக் கடை. ஆன்லைனில் வாங்கினால் போலி வந்துவிடும் என்று பயந்துதான் நேரில் போனேன், அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "அதுக்குத்தானுங்க நாங்க இருக்கோம், இது ஒரிஜினல் ஜெர்மன் சரக்கு" என்று பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. நானே மாட்டிக்கொள்கிறேன் என்றதற்கு, "வேண்டாங்க சார், ட்ரில் பிட் வழுக்குச்சுன்னா பாலிஷ் போயிரும், நம்ம பையன் போட்டுத் தருவான்" என்று கிட்டாரை உள்ளே அனுப்பினார். ஒரு டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நான் நம்பினது எந்த இடத்தில் என்றால், அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தில்தான். ஸ்ட்ராப்பை மாட்டி, கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, கிட்டாரை ஸ்ட்ராப்போடு ஒரு கையில் தூக்கித் தொங்கவிட்டு, இரண்டு மூன்று முறை குலுக்கிக் காட்டினார். "பாருங்க சார், இதுல ஆளையே தொங்கவிடலாம். கழண்டுச்சுன்னா என்னைக் கேளுங்க." கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர்கூட ஆச்சரியமாகப் பார்த்தார். கண்ணெதிரே தொங்கவிட்டுக் காட்டுகிற மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்? பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு முன்னால் மைக் ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க இரண்டு கையையும் எடுத்தேன். அவ்வளவுதான். தோள்பட்டையில் பாரம் சட்டென்று இல்லாமல் போனது, ஹெட்ஸ்டாக், அதாவது கிட்டாரின் தலை, மானிட்டர் ஸ்பீக்கரின் விளிம்பில் போய் இடித்தது. ஆம்ப் ஆன் செய்திருந்ததால் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகள் உட்காருகிற நட்டுக்குப் பின்னால் மரம் பிளந்து, தலை கம்பிகளின் பிடியில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மீதிக் கச்சேரியைக் கீபோர்டு வாசிக்கிற தம்பி சமாளித்தான்.

அடுத்த நாள் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். வருஷக்கணக்காக வயலின், வீணை, கிட்டார் எல்லாம் பார்க்கிறவர். அவர் முதலில் பார்த்தது உடைந்த இடத்தையல்ல, ஸ்க்ரூ இருந்த ஓட்டையை. டார்ச் அடித்து, ஊசி மாதிரி ஒன்றை விட்டு நோண்டி, உள்ளே இருந்து இரண்டு தீக்குச்சித் துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில் மருந்துகூட அப்படியே சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பசை ஒரு சொட்டு இல்லை. விஷயம் இதுதான்: லாக்கோடு வந்த ஸ்க்ரூ, பழைய பட்டனின் ஸ்க்ரூவைவிட ஒல்லி. பழைய ஓட்டையில் அது பிடிக்காது. நியாயமாகச் செய்கிறவர்கள் கெட்டி மரக்குச்சியைப் பசை தடவி இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, சின்னதாகத் துளை போட்டு, அப்புறம்தான் ஸ்க்ரூவை ஏற்றுவார்கள். டீ குடிக்கிற நேரத்தில் பசை எப்படிக் காயும்? காய்ந்த தீக்குச்சியைத் திணித்து முறுக்கியிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் தொங்கவிட்டுக் குலுக்கினால் தாங்கும். மேடையில் மணிக்கணக்காக இழுபட்டால் நசுங்கித் தூளாகிவிடும்.

லாக்கையும் பார்த்தார். "இது ஒரிஜினல் இல்ல தம்பி." அந்த ஜெர்மன் கம்பெனி இப்போது விற்கிற மாடலில் ஸ்ட்ராப்பின் பக்கம் வருகிற வட்ட நட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை ஆலன் கீயால் இறுக்கிவிட்டால் நட்டு தானாகத் தளராது. எனக்குக் கொடுத்ததில் அந்த ஸ்க்ரூவும் இல்லை, கீயும் இல்லை. நட்டை அவர் விரலாலேயே சுற்றிக் கழற்றிவிட்டார். அதாவது ஸ்க்ரூ பிடுங்காமல் இருந்திருந்தாலும் கொஞ்ச நாளில் இந்தப் பக்கம் கழன்றிருக்கும்.

உடைந்த இடம் இந்த வகை கிட்டாரின் பலவீனமான இடம். கிப்சன் பாணிக் கழுத்து மஹோகனி மரம், ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சாய்வாக இருக்கும், பல மாடல்களில் 17 டிகிரி. கம்பிகள் உட்காருகிற நட்டுக்குப் பின்னாலேயே ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை, முறுக்குவதற்காக மரத்தைக் குடைந்தும் வைத்திருப்பார்கள். அங்கே மிச்சம் இருக்கிற மரம் ரொம்பக் குறைவு, ரேகையும் குறுக்காக ஓடும். பசை போட்டு, கிளாம்பில் வைத்து, பின்பக்கம் புது மரத்துண்டு பதித்து, பாலிஷ் செய்ய 12,500 ஆனது. வாசிக்க முடிகிறது, ஆனால் இனி விற்கப் போனால் "தலை உடைஞ்சது" என்றுதான் விலை பேசுவார்கள். அந்த நஷ்டத்தை நான் 14,500-இல் சேர்க்கவே இல்லை.

இனி கடைக்காரர் கதை. முதலில் போனபோது ஓனர் ஊரில் இல்லை என்றார்கள். அப்புறம் இருந்தார், ஆனால் பேச்சு மாறிவிட்டது. "மேடையில குதிச்சு ஆடியிருப்பீங்க." நான் ஆடவில்லை, மைக்கை நகர்த்தினேன், அதற்கு வீடியோ இருக்கிறது என்று காட்டினேன். வீடியோவைப் பார்த்துவிட்டு, "லாக் கழறலியே சார், லாக் ஸ்ட்ராப்போடதானே இருக்குது, ஸ்க்ரூதான் வந்திருக்குது, உங்க கிட்டார் மரம் வீக்" என்றார். ஸ்க்ரூவைப் போட்டது யார்? அவர் பையன்தானே! தீக்குச்சியை எடுத்து மேஜையில் வைத்தேன். "இது நாங்க போட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது.

பில்லைக் காட்டலாம் என்று எடுத்தால், அவர்கள் கொடுத்தது பில்லே இல்லை. 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது, 'லாக், சர்வீஸ், 2,000' என்று பேனாவில் கிறுக்கியிருக்கிறது. ஜிபேயில் பணம் போனதும் கடை பெயருக்கு அல்ல, ஒரு தனி ஆளின் பெயருக்கு. "டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொல்லியிருக்கோம்" என்று கொஞ்ச நாள் ஓட்டினார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் நீல டிக் ஆகிப் பதில் இல்லாமல் கிடக்கின்றன. இன்று மதியம் போனில் சொன்னது: "ஒரு செட் கம்பி ஃப்ரீயா எடுத்துட்டுப் போங்க சார், இதோட விட்டுருங்க." 14,500 ரூபாய் போனவனுக்கு ஒரு செட் கம்பி.

எப்படி லாக் மாட்டுவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கிட்டாரை உங்கள் கண்ணில் படாத ரூமுக்குள் அனுப்பாதீர்கள். பழைய ஸ்க்ரூவையும் புது ஸ்க்ரூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புதுசு ஒல்லியாக இருந்தால் ஓட்டையை அடைத்துப் பசை காயாமல் மாட்ட விடாதீர்கள். உடனே தருகிறேன் என்றால் பசை போடவில்லை என்று அர்த்தம். ஷாலர், டன்லப் இரண்டும் வேறு வேறு லாக் கம்பெனிகள், ஷாலர் பட்டனில் டன்லப் லாக் உட்காராது, ஒன்றை இன்னொன்றோடு சேர்க்காதீர்கள். யூ வடிவ லாக் என்றால் யூவின் வாய் மேலே பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் பூட்டுகிற ஊசி உடைந்தாலும் பட்டன் அதில் உட்கார்ந்திருக்கும். கச்சேரிக்கு முன் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு ஒரு தடவை நன்றாக இழுத்துப் பாருங்கள். லாக்கே வேண்டாம் என்றால் கம்பிக் கொக்கி மூடி போட்ட சில பீர் பாட்டில்களில் வருகிற கெட்டி ரப்பர் வாஷர் போதும், ஸ்ட்ராப்பை மாட்டி அதன் மேல் பட்டனில் ஏற்றிவிட்டால் கழலாது. உலகம் முழுக்க அதைத்தான் பல பேர் செய்கிறார்கள், சில ரூபாய்தான் செலவு. ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யப் போகிறேன், அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, வீடியோ, ரிப்பேர் அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பு, அந்தத் தீக்குச்சிகள், எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். கோவையில் வேறு யாருக்காவது 'ஒரிஜினல் ஜெர்மன்' என்று இதே மாதிரி லாக்கைத் தலையில் கட்டியிருந்தால், நட்டில் அந்தச் சின்ன ஸ்க்ரூ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் மேடை ஏறாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.