நேம்டூப்பிளா, டேட்டாகிளாஸா?

ஒரு பில்லில் வரும் பொருளுக்குப் பெயர், விலை, எண்ணிக்கை. இந்த மூன்றையும் பைத்தானில் ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண கிளாஸ் எழுதினால் ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை தட்ட வேண்டும். அப்புறமும் பிரிண்ட் செய்தால் நினைவக முகவரிதான் தெரியும். ஆகவே அதை விட்டுவிடலாம். இந்த வேலைக்கென்றே பைத்தானில் நேம்டூப்பிள், டேட்டாகிளாஸ் என்று இரண்டு வசதிகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

நேம்டூப்பிள் பைத்தான் 2.6 காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரே வரியில் எழுதி முடிக்கலாம், வைத்த மதிப்பை மாற்ற முடியாது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை வரி வரியாகப் படிக்கும் சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு இன்றும் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் உள்ளுக்குள் அது வெறும் டூப்பிள், அதாவது மதிப்புகளை வரிசையாக அடுக்கிய மாறாத தொகுப்பு. பெட்டி(40, 2), பொருள்(40, 2) என்று சம்பந்தமே இல்லாத இரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள், ட்ரூ என்று வரும். (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அப்படியே தட்டிப் பார்க்கலாம்.) நான் ஒருமுறை விலைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் வரி விகிதத்தைச் சேர்த்தேன். மூன்றாகப் பிரித்தெடுத்த இடமெல்லாம் வேல்யூஎரர் அடித்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை. [2] (பைத்தான் 0-இலிருந்து எண்ணும், ஆக மூன்றாவது) என்று எண் போட்டு எடுத்த ஓரிடம் மட்டும் சத்தமே இல்லாமல் வரி விகிதத்தை எண்ணிக்கையாக நினைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

டேட்டாகிளாஸ் 2018-இல், பைத்தான் 3.7-உடன் வந்தது. இதில் அந்தத் தவறுக்கே வழியில்லை: புலத்தை (விலை, எண்ணிக்கை போன்ற ஒவ்வொன்றும் ஒரு புலம்) பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், வேறு கிளாஸுடன் ஒப்பிட்டால் ஃபால்ஸ். காலிப் பட்டியலை இயல்பு மதிப்பாக வைத்தால், எல்லாப் பொருளும் ஒரே பட்டியலைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று அங்கேயே பிழை காட்டி நிறுத்திவிடும். அதற்குப் பதில், ஒவ்வொரு பொருளுக்கும் புதுப் பட்டியல் உருவாக்கித் தரும் டீஃபால்ட்_ஃபேக்டரியைப் போட வேண்டும். மதிப்பு மாறக்கூடாது என்றால் ஃப்ரோஸன்=ட்ரூ. அதைப் போடாமல் செட்டுக்குள் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராத தொகுப்பு) வைக்கப் போனால் டைப்எரர் வரும். விலைக்கு இன்ட் (முழு எண்) என்று எழுதிவிட்டு "நாற்பது" என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பது ஒரு குறை. அந்தச் சோதனை வேண்டுமென்றால் பைடான்டிக் என்ற தனி நூலகத்தின் பக்கம் போக வேண்டும்.

சரி, ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு எது உதவும்? பைத்தானின் ஹெல்ப் கட்டளையில் கேட்டால் நேம்டூப்பிள் ஒவ்வொரு புலத்துக்கும் 'இத்தனையாம் புலத்தின் மறுபெயர்' என்று மட்டும் சொல்லும். டேட்டாகிளாஸ் பெயரோடு வகையையும் காட்டும். ஆனால் விலை ரூபாயிலா, பைசாவிலா என்று இரண்டுமே சொல்லாது. அந்த ஒரு வரியை கிளாஸின் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கில் நாம்தான் எழுத வேண்டும்.